அமெரிக்கா மேடத்தின் முடிவுரை

விழுப்புரம் மாவட்டத்தில் வரப்புக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு, வாய்க்காலுக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பெண்களுக்காக, அதுவும் நாவலில் மட்டுமே வாழ்ந்த பெண்களுக்காக, தினம் காலையில் சண்டை போட்டவர் அமெரிக்கா மேடம் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. ஹாஸ்டல் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. விழுப்புரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அந்த ஹாஸ்டலில் நானும் அவரும் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். அவர் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். நான் அதே ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுப்பவள். அவருக்கு நாற்பத்தைந்து வயது, எனக்கு இருபத்து நான்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவல்களில் பெண்களின் சுதந்திரமும் திருமணமும் என்ற தலைப்பில் அவர் பதினோரு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முதல் வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டாமவர் காலமாகிவிட்டார். மூன்றாமவர் இவரைத் தூரத்தில் கண்டாலே வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவார். ஐந்து அத்தியாயங்கள் தயார். முடிவுரை மட்டும் வரவில்லை.

"இந்தப் பொம்பளைங்க எல்லாம் முந்நூறு பக்கம் வரைக்கும் நல்லாத்தான் இருக்காங்க," என்பார் கட்டிலில் சம்மணம் போட்டபடி. "தனியா வேலை தேடிக்கினு போறாங்க. புருஷனையே எதிர்த்துப் பேசறாங்க. கடைசியில யாரையாவது கட்டிக்கிறாங்க, இல்லன்னா செத்துப்போறாங்க. நான் முடிவுரையில இன்னான்னு எழுதறது?"

நான் விளக்கை அணைக்கலாமா என்று கேட்பேன்.

காலை பாசஞ்சர் ரயிலின் லேடீஸ் பெட்டியில்தான் அவருடைய உண்மையான வகுப்பு நடந்தது. மாதத்துக்கு ஒரு நாவல், தினம் ஒரு தவணை. அடுத்த தெருவில் நேற்று நடந்ததைப் போலச் சொல்லுவார். பனி என்றால் எப்படி இருக்கும் என்று ஒருத்தி கேட்டதற்கு, "மார்கழியில மயிலம் ஸ்டேஷன்ல விடிகாலைல நிக்கிற மாதிரி. அதுல நூறு பங்கு," என்றார். முண்டியம்பாக்கத்தில் இறங்கிவிடும் நர்ஸ் அக்காவுக்குத் தினமும் முதல் பத்து நிமிடம்தான் கிடைக்கும். நாயகி அழுவதைக் கேட்டுவிட்டு இறங்குவார். எதற்காக அழுதாள் என்று தெரிந்துகொள்ள மறுநாள் வரை காத்திருப்பார்.

ஒரு நாள் மேடம் சொன்னார்: "அந்தக் காலத்து அமெரிக்காவுல பொண்டாட்டி சம்பாதிச்சாலும் அது புருஷனுக்குத்தான். ரொம்ப நாள் சட்டமே அப்படித்தான் இருந்தது."

வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கும் அஞ்சலை கூடையிலிருந்து நிமிரவேயில்லை. "இங்க சட்டம் இல்லாமலே அப்படித்தான் மேடம் நடந்துக்கினு இருக்குது," என்றாள். பெட்டியே சிரித்தது. மேடம் மட்டும் நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த ஆவணியில் ஒரு கதை வந்தது. கணவனை விட்டுப் போய், சின்ன ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைக்கிறாள் ஒருத்தி. ஆறு வருஷம் கழித்து அவனுக்குச் சீக்கு என்று கடிதம் வருகிறது. போகலாமா, கூடாதா? மேடம் கதையை நிறுத்திவிட்டுக் கை தூக்கச் சொன்னார். பாதிப் பெட்டி போகலாம் என்றது, பாதி கூடாது என்றது. திண்டிவனம் வந்தும் தீராமல் பிளாட்பாரத்தில் நின்று வாக்குவாதம் செய்தார்கள்.

"போறா," என்றார் மேடம் வெறுப்போடு. "பொட்டியக் கட்டிக்கினு போயிடறா. கோழை. நாலாவது அத்தியாயத்துல அப்படியேதான் எழுதி வச்சிருக்கேன்."

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, வேட்டி கட்டிய ஒருவர் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். மேடத்தைப் பார்த்ததும், "அண்ணி," என்றார்.

மேடத்துக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கோலியனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் செய்யும் குடும்பம். வந்தவர் கணவரின் தம்பி.

"அண்ணனுக்குப் பக்கவாதம் அண்ணி. வலது பக்கம் விழுந்துடுச்சி, பேச்சும் இல்ல. நீங்க வந்தீங்கன்னா..."

"ஞாயித்துக்கிழம வர்றேன்," என்றார் மேடம். "சாயங்காலம் பஸ்ஸுக்குத் திரும்பிடுவேன்."

அன்று அறையில் நான் கேட்டேன், கணவர் அடித்தாரா என்று.

"அடிக்கல. அடிச்சிருந்தா நாலு பேருகிட்ட சொல்றது சுலபமா இருந்திருக்கும். நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு என் சர்டிபிகேட்டை எல்லாம் பீரோல வச்சிப் பூட்டிட்டாரு. சாவியை அரைஞாண்ல கட்டிக்கினாரு. ஒரு வருஷம் அந்தச் சாவியப் பாத்துக்கினே சோறு போட்டேன். அப்புறம், டூப்ளிகேட் வாங்கிக்கலாம்னு கிளம்பிட்டேன்." அது நடந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிறுதோறும் போனார். ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். கணவர் கட்டிலில் கிடந்தார். இவரைக் கண்டதும் கட்டிலை ஒட்டிக் கிடந்த நாற்காலியை இடது கையால் தட்டினார். மேடம் தள்ளியிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, தலைப்புச் செய்தியிலிருந்து தங்கம் விலை வரைக்கும் உரக்கப் படித்தார். பிறகு அந்தப் பள்ளிக்கூடக்காரி கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கணவர் கண்ணைக் கொட்டாமல் கேட்டார்.

"நான் பேசறதைக் குறுக்கப் பேசாம கேக்கறாரு. இதுதான் முதல் தடவை," என்றார் பஸ்ஸில் என்னிடம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை என்று பிறகுதான் பார்த்தேன்.

உறவுக்காரர்கள், விருந்தாளி மாதிரி வந்து போகிறாளே என்றார்கள். ஹாஸ்டலில், எதற்குத்தான் போகிறாரோ என்றார்கள். அஞ்சலை நேராகவே கேட்டாள்.

"போறதுன்னா ஒரேடியாப் போயிடணும், இல்லன்னா உட்டுடணும். இது இன்னா மேடம், நடுவுல நின்னுக்கினு."

"நடுவுல நிக்க எனக்கு ஒரு வேலை இருக்குது, ஹாஸ்டல்ல ஒரு கட்டில் இருக்குது அஞ்சலை. அந்தக் கதையில இருக்கறவளுக்கு அதெல்லாம் நெலையா இல்ல."

எட்டு மாதத்தில் கணவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போனேன். பெண்கள் கூடியிருந்த இடத்தில் மேடத்தை மணையில் உட்காரவைத்தார்கள். கணவரின் பெரியம்மா ஒரு புது மஞ்சள் கயிற்றோடு வந்தார்.

"வெறுங்கழுத்துல எதம்மா அறுக்கறது? இதக் கட்டிக்கோ. உடனே எடுத்துடலாம்."

மேடம் அந்தக் கயிற்றை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் எப்பவோ கழட்டி வச்சிட்டேன் பெரியம்மா. ஒரே வேலைய ரெண்டு தரம் செய்ய வேணாம்."

ஒருத்தி சிரிக்கப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் எழுந்து, படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நிறுத்தத்தில் வெகுநேரம் பஸ் வரவில்லை. திடீரென்று சொன்னார்: "அவருக்கு இட்லிப்பொடில எள்ளு இருந்தாப் பிடிக்காது. நேத்து கடையில நின்னு, எள்ளு போடாத பொடி இருக்குதான்னு கேட்டுட்டேன். கடைக்காரரு எடுத்துக் குடுத்துட்டாரு. வாங்கிக்கினு வந்துட்டேன்."

முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

அதன்பின் ரயிலில் கதை நின்றுபோனது. ஜன்னலோரம் உட்கார்ந்து பேரணி ஸ்டேஷன் வரைக்கும் வயலையே பார்த்துக்கொண்டு வருவார். நர்ஸ் அக்கா இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அஞ்சலை மட்டும் தினம் ஒரு கை மல்லாட்டையை அவர் மடியில் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவாள்.

தை மாதம் முடிவுரை வந்தது. நாலே பக்கம். நான்தான் டைப் செய்தேன். எல்லாம் எனக்குப் புரிந்ததென்று சொல்லமாட்டேன். திரும்பிப் போன பெண்களை ஏன் போனாய் என்று மட்டுமே கேட்டுவந்தோம், போகாமலிருக்க அவர்களுக்கு என்ன இருந்தது என்று கேட்கவில்லை என்ற வரி மட்டும் நினைவிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் நாலாவது அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லி, 'கோழை' என்ற வார்த்தையைத் தன் கையாலேயே அழித்தார்.

பட்டம் கிடைத்தது. கல்லூரி வாசலில் ஒரு பேனர்கூட வைத்தார்கள். அதில் அவர் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதற்காகவும் சண்டை போட்டார், ஆனால் பழைய வேகம் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்துவிட்டேன். மேடம் இப்போது திண்டிவனத்தில் தனி வீட்டில் இருக்கிறார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. முழங்கால் வலி, சர்க்கரை. பேச்சு குறைந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் நான் போன் செய்வேன். "இன்னாத்துக்கு வாரா வாரம் கூப்புடற, வேலை இல்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

போன வாரம் என் மகளுக்குக் காய்ச்சல், கூப்பிட மறந்துவிட்டேன். பத்தரை மணிக்கு அவரே கூப்பிட்டார். நான் எடுத்து, "சொல்லுங்க மேடம்," என்றேன். "ராங் நம்பர்," என்று சொல்லி வைத்துவிட்டார்.