மாமனாரின் படகில் ஒரு டேங்கர் தண்ணீர்

மொட்டை மாடியில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். படகில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் பாதியில் நிறுத்தி, "யாருங்க உங்களக் கூப்ட்டது?" என்று தவறாமல் கேட்கிறார்கள்.

திண்டிவனத்தில் கட்டடங்கள் கட்டும் ஒருவரிடம் நான் சைட் இன்ஜினியர். சொந்த ஊர் மயிலம் பக்கம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். எங்களுக்கும் கடலுக்கும் இருந்த சம்பந்தம், காணும் பொங்கலன்று வேன் பிடித்துப் போய் முழங்கால் வரை நனைந்துவிட்டு வருவதுதான். விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தபோது சுகந்தியைக் காதலித்தேன். அவள் ஊர் மரக்காணத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். கல்யாணம் பண்ணிக்கொண்டோம். இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் திட்டினார்கள். பிறகு திட்டிக் களைத்து, ஒருவருக்கொருவர் மல்லாட்டையும் மீனும் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். மாமனார் மட்டும் களைக்கவில்லை.

அவர் திட்டினால்கூடத் தேவலை. அவர் என்னோடு பேசவில்லை. ஒன்றரை வருடம், ஒரு வார்த்தை இல்லை. மரியாதைக் குறைவாக நடத்தினார் என்றும் சொல்ல முடியாது. என்னை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அத்தையிடம், "இன்னொரு மீனு வெக்கலாமா, கேளு" என்பார். அத்தை என்னிடம், "மாப்ள, இன்னொரு மீனு வெக்கட்டா?" என்பார். நான் "போதும் அத்த" என்பேன். அத்தை அவர் பக்கம் திரும்பி, "போதுமாம்" என்பார். எங்களுக்குள் இருந்த தூரம் ஒரு முழம். ஒருமுறை அத்தை கடைக்குப் போயிருந்தார். மாமனார் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, டிவியைப் பார்த்து, "ஃபேன் வேணும்னா போட்டுக்கலாம்" என்றார்.

அந்த மனுஷன் வாயிலிருந்து எனக்கென்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். என் வாழ்க்கையின் லட்சியமே அதுவாகிப் போனது. (வேறு உருப்படியான லட்சியம் இல்லையா என்று கேட்காதீர்கள். அப்போது இல்லை.)

இந்த நேரத்தில்தான் அவர் படகு ஒழுக ஆரம்பித்தது. சின்ன ஃபைபர் படகு. மாமனாரும் சுகந்தியின் அண்ணன் செல்வமும் போய் வருவார்கள். கரையிலிருந்து கிளம்பி அரை மணி நேரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிடும். ஒருவர் வலை இழுத்தால் இன்னொருவர் வெட்டின பிளாஸ்டிக் கேனால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மணலில் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துப் பார்த்தார்கள். தடவிப் பார்த்தார்கள். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் பசை வைத்து அடைத்தார்கள். படகின் அடிப்பாகம் முழுக்க ஒட்டுப் போட்டாயிற்று, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"பேஜாரா கீது மாப்ள," என்றார் செல்வம் போனில். "மீனு புடிக்கப் போறமா, தண்ணி எறைக்கப் போறமான்னே தெரியல."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒழுகல்! என் துறை!

மாடியில் ஒழுகலைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது எளிமையான வேலை. தளத்தைச் சுற்றிச் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் தேக்குவோம். தண்ணீரில் கொஞ்சம் சாயம் கலப்போம். பிறகு கீழே போய் அண்ணாந்து பார்ப்போம். எங்கே கறை தெரிகிறதோ அங்கே ஓட்டை. படகுக்கு வரப்புகூடக் கட்ட வேண்டாம், அதுவே தொட்டி மாதிரிதான் இருக்கிறது. தரையிலிருந்து தூக்கி வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் படுத்துப் பார்த்தால் தீர்ந்தது. இது இத்தனை வருஷமாக எந்த மீனவனுக்கும் தோன்றவில்லையே என்று பரிதாபப்பட்டேன். அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சுகந்தியோடு குப்பத்தில் போய் இறங்கினேன். சும்மா இறங்கவில்லை. சைட்டிலிருந்து இருபத்தைந்து சிமெண்ட் பிளாக், நாலு பலகை, ஒரு பெட்டி சொட்டு நீலம், பின்னாலேயே ஒரு தண்ணி டேங்கர். தலையில் ஹெல்மெட்கூட வைத்திருந்தேன். (சைட்டில் ஒரு நாளும் வைத்தது கிடையாது.)

எட்டுப் பேர் பிடித்துப் படகைத் தூக்கினார்கள். முன்பக்கம் பிளாக் அடுக்கிப் பலகை, பின்பக்கம் பிளாக் அடுக்கிப் பலகை. நடுவில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று நான்தான் கறாராகச் சொன்னேன். நான் படுத்துப் பார்க்க இடம் வேண்டுமே.

மாமனார் கொஞ்சம் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அத்தையிடம் சொன்னார்: "கடல்ல வுட்டா தண்ணி தானா வரப்போவுது. டேங்கரு எதுக்குன்னு கேளு."

"அது வெளியிலிருந்து உள்ளே வரும் அத்த. இது உள்ளேயிருந்து வெளியே போகும்."

"உள்ள இருந்து வெளிய போவுமாம்," என்றார் அத்தை.

மாமனார் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

அதற்குள் குப்பத்துப் பெண்கள் குடங்களோடு வந்து டேங்கரைச் சுற்றி வரிசை கட்டிவிட்டார்கள். நல்ல தண்ணீர் டேங்கரைக் கண்ணால் பார்த்தே நாலு நாளாகியிருந்ததாம். "இதுல ஊத்தவா கொண்ணாந்த? ஒரு கொடம் குடுப்பா" என்றார் ஒரு அம்மா. சோதனை முடிந்ததும் படகிலிருந்தே மொண்டுகொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணெதிரே பன்னிரண்டு பாட்டில் சொட்டு நீலத்தை உள்ளே கவிழ்த்தேன். அடுத்த ஐந்து நிமிடம் அவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

கால் படகு நிரம்பியது. அடியில் படுத்து, செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு நீலம் இல்லை. அரைப் படகு. இல்லை. முக்கால். அப்போதும் இல்லை.

"போதும் மாப்ள, எறக்கிடலாம்," என்றார் செல்வம்.

"இன்னும் அழுத்தம் வேணும் மச்சான். விளிம்பு வரைக்கும் ரொப்பச் சொல்லுங்க."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு எடை உண்டு. ஆயிரம் லிட்டர் ஒரு டன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும். இரண்டு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்த உத்திரத்தின் மேல் பாரம் ஏற்றினால் நடுவில்தான் உடையும். கட்டடப் படிப்பில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இதற்குப் படம் போட்டு, பாகம் குறித்து, நான் பரீட்சையில் மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மார்க்கை யாராவது திரும்பக் கேட்டால் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன்.

மறுபடி அடியில் போய் மல்லாந்து படுத்தேன். மேலே எங்கோ 'கிர்ர்' என்று ஒரு சத்தம். டேங்கர்காரர் குழாயைச் சுருட்டுகிறார் என்று நினைத்தேன். சத்தம் மறுபடி வந்தது. அப்போதும் அவரைத்தான் நினைத்தேன்.

"டேய்! வெளிய வாடா! டேய்!"

யாரோ என் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார்கள். முதுகு மணலில் தேய, சட்டை கழுத்துக்கு ஏற, நான் வெளியே வந்து விழுந்ததும் படகு உடைந்தது. பாடப் புத்தகத்தில் போட்டிருந்தபடியே, மிகச் சரியாக நடுவில். என் தலை இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. நீல வெள்ளம் என்னை உருட்டிக்கொண்டு போய், பக்கத்தில் அத்தை காயப் போட்டிருந்த நெத்திலிக்கு நடுவில் விட்டது. தலை முதல் கால் வரை நான் நீலம். சுற்றிலும் நீல நெத்திலி. காலைப் பிடித்த கைகள் இன்னும் விடவில்லை. மாமனாருடைய கைகள். 'டேய்' என்று கத்திய குரலும் அவருடையதுதான்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. மாமனார் எழுந்து, இரண்டு துண்டாய்க் கிடந்த படகை மெதுவாக ஒரு சுற்று சுற்றி வந்தார். உடைந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலை அவர் கண்ணெதிரே நான் இரண்டாக உடைத்திருந்தேன். அதற்கு ஹெல்மெட் வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. சும்மா சொல்லக் கூடாது, வாய்விட்டே அழுதேன். சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உன்ன யார் கூப்ட்டது?" என்றாள். முதன்முதலில் அதைக் கேட்டது அவள்தான்.

அப்போதுதான் குடம் கேட்ட அந்த அம்மா படகின் பின்பக்கம் சுற்றிப் போய், மணலில் இருந்த ஒரு குடத்தை எடுத்தார். உள்ளே கால் குடம் நீலத் தண்ணீர்.

"இது ஏதுக்கா?" என்றார் செல்வம்.

"இஞ்சினு மாட்ற பலகையில போல்ட்டு கீதே, அதுல இருந்து அப்ப புடிச்சு ஒழுவிக்கினு இருந்துச்சு. பசங்க யூனிபார்ம அலசலாமேன்னு கொடத்த வெச்சேன்."

"அப்பவே சொல்றதுதானே!"

"யார் கேட்டாங்க? அந்தப் புள்ள அடியிலயே படுத்துக்கினு இருந்துச்சு, அசந்து தூங்குதுன்னு நெனச்சேன்."

செல்வம் ஓடிப் போய்ப் பார்த்தார். துருப்பிடித்த ஒரு போல்ட்டின் ஓரத்திலிருந்து வழிந்த நீலக் கோடு அப்போதும் ஈரமாக இருந்தது. இஞ்சின் ஓடும்போது படகின் பின்பக்கம் தாழ்ந்து அந்த ஓட்டை தண்ணீருக்குள் போயிருக்கிறது. மூன்று மணி நேரமாக நான் அடியில் தேடியது, பின்னால், எல்லோரும் பார்க்கும் உயரத்தில், ஒரு குடத்துக்குள் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. என் சோதனை வெற்றி. அதை அங்கே சொல்லிக்கொள்கிற தைரியம் எனக்கு இல்லை.

படகை ஒட்ட இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் மாமனாரும் செல்வமும் அடுத்தவர் படகில் ஆளாகப் போனார்கள். சொந்தப் படகில் நின்றவர், இன்னொருவர் 'இழு' என்றால் இழுக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறுதோறும் போய், ஃபைபர் ஒட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அந்தத் தூள் பட்டால் வாரம் முழுக்க அரிக்கும். அரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீலம் என் நகக்கண்களிலிருந்து போவதற்கு மூன்று வாரம் ஆனது. நெத்திலியை யாரும் வாங்கவில்லை, பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நான்காவது ஞாயிறு, நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாமனார் வந்து நின்றார். அத்தை பக்கத்தில் இல்லை. டிவியும் இல்லை. சொல்லி அனுப்ப ஆளில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"டேய், வெய்யில்ல ஒக்காராத. அப்பறம் மயக்கம் போட்டு வுழுந்தா உன்ன வேற தூக்கணும்."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றுவரை அவர் என்னை 'மாப்ள' என்று கூப்பிட்டதில்லை. 'டேய்'தான். செல்வத்தையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். குப்பத்தில் யார் வீட்டில் தண்ணீர்த் தொட்டி கட்டினாலும், திண்டிவனத்து மருமகனுக்குச் சொல்லிவிடாதீர்கள் என்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு மட்டும் அரை டம்ளர்தான் தண்ணீர். உறவுக்காரர்கள் நிறைந்த பந்தியிலும் அப்படித்தான். வேறு யாரையும் ஊற்ற விடுவதில்லை, மாமனாரே சொம்பை வாங்கிக்கொண்டு வருகிறார். டம்ளரைக் கையில் எடுத்து, அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்து, பாதி ஊற்றி, என் முகத்தைப் பார்க்கிறார்.

"இது தாங்குதான்னு பாருடா. அப்பறம் மீதி ஊத்தறேன்."