வெளியே நிறுத்தப்பட்ட சட்டத்தரணி

காசு வாங்காத சட்டத்தரணியை எங்கள் ஊர் நம்பாது. காசு வாங்குகிறவரையும் நம்பாதுதான், ஆனால் கொடுத்த காசுக்காகவாவது அவரிடம் திரும்பிப் போவார்கள். சும்மா செய்து தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், இவவுக்கு வேலை தெரியாது போல என்று உடனே ஒரு சந்தேகம் வந்துவிடும். என் விஷயத்தில் அந்தச் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் இன்றுவரை சும்மாதான் செய்துகொண்டிருக்கிறேன். யாருக்கு என்ன?

திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்டத்தான் எங்கள் சட்ட நிறுவனம். (நிறுவனம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு மேசை, ஒரு அலுமாரி, கப்பல் ஊதினால் நடுங்கும் ஒரு சன்னல்.) அதை நடத்துகிற மூத்த சட்டத்தரணியை நாங்கள் எல்லோரும் 'சேர்' என்போம். சேர் ஒரு விதி வைத்திருந்தார். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் கையிலும் எப்போதும் ஒரு இலவச வழக்காவது இருக்க வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது வரும். நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, என் கையில் பாக்கியம் அக்காவின் வழக்குக் கோவையை வைத்தார்.

பாக்கியம் அக்கா சம்பூர்க்காரி, கணவரை இழந்தவர். இரண்டாயிரத்து ஆறில் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தபோது அவரும் போனார். முகாம் முகாமாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் அவருடைய அரை ஏக்கர் காணி காடாகிக் கிடந்தது. போதாததற்கு அந்தக் காணி தன்னுடையது என்று ஒரு அரிசி ஆலை முதலாளி விண்ணப்பம் போட்டிருந்தார். காணிக்கு அரசாங்கம் அக்காவுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம் ஓட்டத்தில் தொலைந்துபோயிற்று. இனிக் காணிக் கச்சேரியில்தான் தீர்ப்பு. (பாட்டுக் கச்சேரி அல்ல. யாருக்குக் காணி என்று அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு விசாரிக்கிற நாள்.) அன்றைக்குத் தோற்றால் அக்காவுக்குக் கால் வைக்க ஒரு முழ நிலம் இல்லை.

எனக்கு அவரிடம் தெரிந்த ஒரே குறை, வாய். பெயரைக் கேட்டால் பெயர் வைத்த மாமாவின் கதை வரும். வயதைக் கேட்டால் அவர் பிறந்த வருடத்து வெள்ளம் வரும். சாட்சி என்றால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று நான் படித்திருந்தேன். (பாடத்தில் நல்ல புள்ளி வேறு. அந்தத் திமிர் இருந்தது.) ஆகவே இரண்டு கிழமை அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். ஓம் அல்லது இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் வந்தால் நான் பேனையைத் தூக்குவேன், அவர் நிறுத்த வேண்டும். முதல் நாள் எழுபது தரம் தூக்கியிருப்பேன். கடைசி நாள் ஒரு தரமும் தூக்கவில்லை. பாக்கியம் அக்காவின் வாயைக் கட்டிய பெருமையில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

கச்சேரி நாள் வந்தது. வெள்ளைச் சேலை, அதற்கு மேல் கறுப்புக் கோட்டு. கிண்ணியாப் பாலம் தாண்டும்போதே பஸ்ஸில் நான் அரை அவியல். கச்சேரி நடக்கிற காணி அலுவலகத்துக்குள் நுழைந்தால் சறமும் சேட்டுமாக நாற்பது பேர் இருக்கிறார்கள், நடுவில் நான் மட்டும் கோட்டோடு நிற்கிறேன். காணி அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஸ், கோர்ட் பின்னேரமா?"

இல்லை, இதற்குத்தான் வந்தேன் என்றேன். இங்கே சட்டத்தரணிகள் கதைப்பதில்லை, வேண்டுமென்றால் பக்கத்தில் இருங்கள் என்றார். இருந்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

அதிகாரி அக்காவிடம் அந்தக் காணியில் இருந்தவரா என்று கேட்டார். ஓம் என்றார் அக்கா. என் நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனை வருடம் என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை நான் பயிற்சியில் கேட்டதே இல்லை. அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"ஓம்," என்றார்.

சபையில் சிரிப்பு எழும்பியது. அதிகாரி பொறுமையாக நான்கு எல்லையையும் சொல்லச் சொன்னார். "வடக்கால..." என்று அக்கா தொடங்கினார். ஆகா, நல்ல இடம், குறித்துக்கொள்வோம் என்று நான் பேனையைத் தூக்கினேன். அக்கா வாயை மூடிக்கொண்டார். அதிகாரி திரும்பவும் கேட்டார். "வடக்கால..." நான் திரும்பவும் எழுதப் போனேன், அவர் திரும்பவும் மூடிக்கொண்டார். மூன்றாம் தரமும் அதே கூத்து நடந்த பிறகுதான் கை செய்கிற வேலை என் மூளைக்கு எட்டியது. (இரண்டு பட்டம் வாங்கிய மூளை.)

முதலாளி மெல்லச் சிரித்தார். ஆள் அந்தக் காணியைக் கண்டதே இல்லை போல என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். அதிகாரி கோவையை மூடப் போனார். கதிரை பின்னால் விழ எழும்பி, "கனம் நீதவான் அவர்களே, ஆட்சேபிக்கிறேன்" என்றேன்.

காணி அதிகாரியைப் பார்த்து. முழுக் குரலில். நாற்பது பேருக்கு முன்னால்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"மிஸ், நீங்கள் வெளியில நில்லுங்கோ. அவ உங்கட முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் மறுமொழி சொல்லுறா."

வெளியே வந்தேன். விறாந்தையில் அந்தக் கோட்டோடு நான் நிற்க, ஒருவர் வந்து பிறப்புச் சான்றிதழ் படிவம் என்னிடமா என்று கேட்டார். இன்னொருவர் உங்களை எதற்குப் பிடித்தார்கள் என்று இரக்கமாகக் கேட்டார். நான் ஒரு உடைந்த வாங்குப் பலகையில் ஏறிச் சன்னலுக்குக் காதைக் கொடுத்தேன். அழுகை வந்தது. என்னால் ஒரு மனுசியின் காணி போகப்போகிறது என்று தெரிந்தது.

உள்ளே அக்காவின் குரல் மெதுவாகத் தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை. வடக்கே ஆருடைய தென்னை, கிழக்கே எந்த ஒழுங்கை, தெற்கே பூவரச வேலி, மேற்கே மாரியில் தண்ணீர் நிற்கிற தரை. முக்கால் மணித்தியாலம் கதைத்தார். இடையில் முதலாளியிடம் திரும்பி, உங்கட காணிதானே, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார். வாசலுக்குப் பக்கத்தில் என்றார் அவர்.

"கிணறு குசினிக்குப் பின்னால," என்றார் அக்கா. "என்ர மனுசன் துறைமுகத்தில வேலை செய்தவர். கழிச்ச நங்கூரத்தில பாதியைக் கொண்டுவந்து கிணத்தடியில சீமெந்து போட்டுத் தாட்டவர், மாடு கட்ட. காட்டை வெட்டிப் பாருங்கோ. அது இல்லையெண்டா நான் ஒரு கதையும் கதைக்காமப் போறன்."

"என்ர மனுசன் துறைமுகத்தில" என்று அவர் எங்கள் அலுவலகத்தில் எத்தனை தரம் தொடங்கியிருப்பார். ஒவ்வொரு தரமும் நான் பேனையைத் தூக்கியிருந்தேன். வழக்கின் ஒரே சாட்சியத்தை இரண்டு கிழமையாகக் கழுத்தைப் பிடித்து அமுக்கி வைத்தவள் நான்தான்.

அடுத்த கிழமை காணியை நேரில் பார்ப்பதாக அதிகாரி தீர்மானித்தார். நான் ஊர் திரும்பும் முன்பே என் 'நீதவான் அவர்களே' நீதிமன்ற விறாந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சும்மா செய்கிற வழக்குக்கு ஏன் இந்தக் கூத்து, ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று அங்கே ஒரு மூத்த சட்டத்தரணி புத்தி சொன்னார். சேர் என்னைக் கூப்பிட்டார்.

"காசு குடுக்கிற ஆள் எங்கட பிழையால தோத்தா வேற லோயரிட்டப் போவான். பாக்கியம் எங்க போறது?"

கோவையை வேறு ஆளுக்குக் கொடுப்போமா என்று கேட்டார். ஏலாது என்றேன். அவருக்கு முன்னால் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பிழை விட்டது நான், சிரிப்பு வாங்கியது நான், முடிக்கிறதும் நான்தான், வேண்டுமென்றால் என்னை வேலையால் நிற்பாட்டுங்கள் என்றேன். சேர் கோவையை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

நேரில் பார்க்கிற நாளன்று நான் கோட்டுப் போடவில்லை, பேனையும் கொண்டு போகவில்லை. அக்கா காடு வெட்டுகிற கத்தியோடு முன்னால் நடக்க, அதிகாரியும் முதலாளியும் பின்னால் போனார்கள். கிணறு அவர் சொன்ன இடத்தில் இருந்தது. அதிலிருந்து நான்கு எட்டில், பற்றைக்குள், துருப்பிடித்த அரை நங்கூரம் நிமிர்ந்து நின்றது. முதலாளிக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அக்கா மண்ணில் குந்தி அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கப்படவில்லை.

அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகு பாக்கியம் அக்கா எனக்கு ஊரெல்லாம் விளம்பரம் செய்தார். அது இன்றுவரை நடக்கிறது.

"அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. காசு வேண்டாது, பத்துத் தரமெண்டாலும் அலையும். விசாரிக்கிற நேரம் மட்டும் வெளியில நிப்பாட்டிப் போடுங்கோ, வழக்கை வெண்டிடுவியள்."

வீட்டிலும் தப்ப முடியவில்லை. கடைக்காரரோடு நான் வாக்குவாதப்பட்டால், "நீர் கொஞ்சம் வெளியில நில்லும், வெண்டுகொண்டு வாறன்" என்பார் என் கணவர். பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம் என்றால் மகள் முதலே சொல்லிவிடுவாள், அப்பா உள்ளே, அம்மா விறாந்தையில். சிரிக்கட்டும். கோட்டுக்குள் அவிந்து நின்ற அந்த முக்கால் மணித்தியாலத்தை நான் எந்தப் பெரிய வழக்குக்கும் மாற்றமாட்டேன்.

போன மாதம் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மனுசி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காணிக் கடிதங்களை ஒரு பையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார். சும்மா செய்கிற லோயர் மிஸ் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"விசாரணை வாற புதன்கிழமை, மிஸ். வெளியில நிக்க உங்களுக்கு நேரம் இருக்குமோ?"

நாட்குறிப்பைத் திறந்து, புதன்கிழமை முழுவதையும் அவருக்கு எழுதி வைத்தேன்.