கொள்ளுக்கு வழிவிட்ட கதை

அரியலூர்,
மாசி மாதம், 1983.

மரியாதைக்குரிய சம்பந்தி, பூலாம்பாடி திரு. அரியமுத்து அவர்களின் சமூகத்துக்கு, அரியலூர் குருநாதன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் காரும் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், எங்களுக்கு மருமகளாக வர வேண்டிய குழந்தை அம்சவள்ளியும், கறவை மாடுகளும் சௌக்கியமாக இருக்கக் கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். மேலே 'சம்பந்தி' என்று எழுதி, அதை அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். கடிதம் அசிங்கமாக இருப்பதற்கு மன்னிக்கவும். அந்தச் சொல்லுக்கு எனக்கு இன்னும் பாத்தியதை உண்டா இல்லையா என்பது உங்கள் கையில் இருக்கிறது. உண்டு என்று உங்களிடமிருந்து ஒரு வரி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

என் மகன் தர்மன், நிச்சயதார்த்தம் வைத்திருந்த வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவன் அன்று திருச்சியிலிருந்து பஸ் பிடித்துக் காலை எட்டு மணிக்கே உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான். எங்கள் உறவுக்காரர்களும் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். தட்டும், நிச்சயப் புடவையும், பையனைப் பெற்ற இரண்டு பேரும் மட்டும் வரவில்லை. ஏனென்றால் நாங்கள் காரில் வந்தோம். "உங்க சாலை ஒழுக்கம் என் கல்யாணத்த ஓரங்கட்டிடுச்சுப்பா" என்பதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு.

நான் மெட்ராஸில் ரிட்டயர் ஆகி ஊர் திரும்பும்போது இரண்டு சாமான் கொண்டுவந்தேன். ஒன்று அந்தப் பழைய அம்பாசடர். மற்றது, அங்கே டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்ட சாலை ஒழுக்கம். இரண்டில் ஒழுக்கம்தான் வீட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டே, இடப்பக்கம் செல்வது எப்படி, கைகாட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் வகுப்பு எடுத்தது நினைவிருக்கும். நீங்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளே என் மனைவி புஷ்பவல்லி, "பஸ்ஸுலயே போயிட்டு வந்துடலாங்க, இல்லன்னா ஒரு டிரைவரயாச்சும் கூப்புட்டுக்குங்க" என்றாள். சம்பந்தி வீட்டு வாசலில் நானே காரை ஓட்டிவந்து இறங்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஆசை என்று சொல்வது மரியாதைக்காக. அது வெறும் பவிசு.

பூலாம்பாடிக்குப் போக மேற்கே கிளம்ப வேண்டும். நான் காருக்குப் பூஜை போட வேண்டும் என்று முதலில் கிழக்கே கல்லங்குறிச்சிக்குப் போனேன். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, திரும்பவும் அரியலூருக்கே வந்தபோது விடிந்து வெயில் ஏறிவிட்டது. எங்கள் வாசலைத் தாண்டும்போது, "வூடு வந்துடுச்சு, எறங்கிக்கிட்டுமா?" என்றாள் புஷ்பவல்லி. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துச் சாலையில் தார் என்பது நடுவில் மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எதிரெதிரே வருகிற இரண்டு வண்டியும் முகத்துக்கு முகம் நேராக வந்து, மோதப்போகிற சமயத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் சக்கரத்தை மண்ணில் இறக்கிக்கொள்கின்றன. அதிலும் ஒரு முறை இருக்கிறது. பாரம் ஏற்றியவன் இறக்க மாட்டான், வெறும் வண்டிக்காரன் இறக்குவான், பஸ்காரன் யாருக்கும் இறக்க மாட்டான். மெட்ராஸில் திட்டிக்கொண்டே அவனவன் பக்கத்தில் போவான். இங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை, ஆனால் எல்லோரும் நடுவில்தான் வருகிறார்கள். நான் புத்தகத்தில் படித்தபடி இடது சக்கரம் இரண்டையும் மண்ணிலேயே வைத்துக்கொண்டு, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, பெரம்பலூர் வரைக்கும் வந்தேன். "ஏங்க, அந்தத் தாரு யாருக்குப் போட்டிருக்கு?" என்று புஷ்பவல்லி கேட்டாள். விதியைப் பற்றிப் பெண்களிடம் விவாதிப்பதில்லை என்று இருந்தேன். பதிலும் தெரியவில்லை.

வழியில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் வலப்பக்க விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வலப்பக்கம் திரும்பப் போகிறான், திரும்பட்டும் என்று மரியாதையாகப் பின்னாலேயே போனேன். அவன் திரும்பவில்லை. விளக்கும் அணையவில்லை. எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. கடைசியில் அவன் லாரியை நிறுத்தி, இறங்கி, நடந்து என் ஜன்னலுக்கு வந்தான்.

"ஏன் சார், வழி உட்டுக்கிட்டே வரேன், போவ மாட்டீங்களா?"

"நீங்க வலது பக்கம் திரும்புறீங்கன்னு நின்னேன்."

அவன் வலது பக்கம் பார்த்தான். நானும் பார்த்தேன். "அங்க ஏரி இருக்குது சார். ஏரிக்குள்ள நான் எதுக்குத் திரும்பப் போறேன்?" என்றான். முந்திக்கொண்டு போ என்பதற்குத்தான் நம் பக்கத்து லாரிகள் வலப்பக்க விளக்கைப் போடுகின்றன என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது.

பெரம்பலூரில் ஆத்தூர் ரோட்டில் திரும்பியதும் கூட்டமாக இருந்தது. வேகம் குறைப்பதற்குக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் அசைக்க வேண்டும் என்பது விதி. பிறந்தது முதல் நானும் அப்படிக் கையை அசைத்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டு வந்திருக்கிறேன், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அது மறந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் ஜவுளி மூட்டையோடு ஓடிவந்து பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். லப்பைக்குடிக்காட்டு ஜவுளி வியாபாரி மீரான் பாய். "பூலாம்பாடிதாங்க போறேன். பஸ்ஸ உட்டுட்டேன். முன்னப் பின்ன தெரியாத ஆளக் கூப்புட்டு ஏத்திக்கிறீங்க, அல்லா உங்களுக்குக் கொறையில்லாம குடுப்பான்" என்றார். கூப்பிடவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீட்டிலிருந்த நிச்சயத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் கையை வெளியே நீட்டும்போதெல்லாம் பின்னாலிருந்து, "வேணாங்க சார், இனிமே எடமில்ல" என்று தடுத்துக்கொண்டே வந்தார்.

இனிமேல்தான் உங்களிடம் நான் சொல்லியாக வேண்டிய சங்கதி. பூலாம்பாடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொள்ளுச் செடியைப் பிடுங்கிவந்து பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி ஏறிக் கொள்ளு உதிரட்டும் என்று நம் ஜனங்கள் செய்கிற வேலைதான். என் அப்பா அடுத்தவர் களத்தில் கொள்ளு அடித்தே எங்களை வளர்த்தவர். தானியத்தைக் காலால் மிதிக்கவிட மாட்டார். அவர் பிள்ளை, அதுவும் மெட்ராஸில் ஒழுக்கம் படித்தவன், எப்படிக் காரை ஏற்றுவான்? நிறுத்தினேன். இறங்கிச் செருப்பைக்கூடக் கழற்றினேன். புளியமரத்து நிழலில் செடி புரட்டுகிற கவைக்கோலோடு நின்ற ஒரு அம்மா, "ஏன் நின்னுட்டீங்க, வண்டி ரிப்பேரா?" என்றார்.

"இல்லம்மா, ரோடு பூராவும் கொள்ளு கெடக்குது. இது போக்குவரத்துக்கு உண்டான எடமாச்சே?"

"போக்குவரத்துக்குத்தான் போட்டிருக்கேன். நீங்க போவாம நின்னா எப்படி?"

"சாப்புடுற பொருள் மேல கார ஏத்தச் சொல்றீங்களா?"

"நீங்க ஏத்துனாத்தான் அது சாப்புடுற பொருளு. அதுவரைக்கும் வெறுஞ்செடி."

ஏற்றுங்கள் என்று மீரான் பாய் சொன்னார். ஏற்றுங்கள் என்று புஷ்பவல்லியும் சொன்னாள். நான் கேட்கவில்லை. இடப்பக்க விளக்கைப் போட்டு, கையும் காட்டி, முறைப்படி கொள்ளுக்கு வழிவிட்டு, சாலையை விட்டு இறங்கினேன். அந்த ஓரத்துக் கொல்லைக்காட்டுக்கு அன்றைக்குத்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். கரிசல் மண் சக்கரத்தைப் பாதிக்கு மேல் விழுங்கிக்கொண்டது.

அந்த அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எல்லா வண்டியும் ஏறித்தான் போவுது. நீங்க மட்டும் ஒதுங்கிப் போறீங்க. எங் கொள்ளுல அப்படி என்ன ஒட்டியிருக்கு? காருல வர்றவங்க சக்கரம் எங்க செடி மேல படக்கூடாதா?" என்று கேட்டார். சம்பந்தி, எனக்குச் சுருக்கென்றது. மரியாதை செய்வதாக நினைத்து, என் அப்பாவைப்போல வெயிலில் நிற்கிற ஒருவரை அவமானம் செய்துவிட்டேன்.

பக்கத்துக் கொல்லையில் ஏர் ஓட்டியவரை அந்த அம்மாவே கூப்பிட்டு, மாட்டைப் பூட்டிக் காரை இழுத்துவிட்டார். கூலி கொடுக்கப் போனேன். "கூலி யாரு கேட்டா? ஏறாம போனதுக்கு, ஏறிட்டுப் போங்க. முன்னயும் பின்னயுமா நாலு நடை" என்றார். அவசரமாகப் பூலாம்பாடிக்கு நிச்சயத்துக்குப் போகிறோம், அரியமுத்து வீட்டுக்கு, என்று சொன்னேன். அவர் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். புஷ்பவல்லியின் பட்டுப்புடவையைப் பார்த்தார். மீரான் பாய் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். "அப்புடியா? அப்ப இன்னும் நாலு நடை சேத்தே போங்க" என்றார்.

போனேன். முதல் நடை மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. காலையிலிருந்து நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான். இடப்பக்கமும் கொள்ளு, வலப்பக்கமும் கொள்ளு, எந்தப் பக்கம் போனாலும் சரி. புஷ்பவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கவைக்கோலை வாங்கிச் செடியைப் புரட்டிப் போட ஆரம்பித்தாள். மெட்ராஸில் அத்தனை வருடம் இருந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வேலை செய்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீங்கள் வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கொள்ளு அடித்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்படி எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த பஸ் வந்ததும் மீரான் பாய் தட்டை சீட்டில் வைத்துவிட்டு அதில் ஏறிப் போய்விட்டார். நானும் கிளம்பலாம் என்றபோது கார் நகரவில்லை. கொள்ளுக்கொடி அத்தனையும் அடியில் போய்ச் சுற்றிக்கொண்டு புகைந்தது. பட்டுவேட்டியோடு காருக்கடியில் படுத்து, அந்த அம்மா கொடுத்த அரிவாளால் ஒவ்வொரு கொடியாக அறுத்தேன். உங்கள் வாசலில் வந்து இறங்கும்போது ராகுகாலம் போய் எமகண்டமே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் தலையெல்லாம் கொள்ளுத் தூசி.

நீங்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "வாங்க, சாப்புடுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். கூடத்தில் துண்டு விரித்து ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. எனக்குப் போட்டது என்று நினைத்து அதில் உட்கார்ந்தேன். கூடமே கப்பென்று அடங்கிவிட்டது. கிளம்பும்போது, "அப்புறம் பாத்துக்கலாங்க" என்றீர்கள். அந்த 'அப்புறம்' என்னைத் தூங்கவிடவில்லை. பெண்ணைக் கொடுப்பதற்கு யோசிக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நேரத்துக்குத் தட்டைக் கொண்டுவரத் தெரியாதவன் வீட்டுக்கு யார்தான் யோசிக்காமல் பெண் கொடுப்பார்கள்?

தப்பு முழுவதும் என்னுடையது. பையன் தங்கமானவன், என்னைப்போல இல்லை, பஸ்ஸில் போகிறவன். அடுத்த முகூர்த்தத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். முதல் பஸ்ஸில் வந்து உங்கள் வாசலில் நிற்கிறேன். திருமானூரில் ஒருவர் காரைக் கேட்டிருக்கிறார், கொடுத்துவிடப் போகிறேன். இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று பெருமாள் மேல் ஆணையிட்டுவிட்டேன்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். குழந்தை அம்சவள்ளி எங்கே வாழ்ந்தாலும் சீரும் சிறப்புமாக வாழ என் ஆசி. எங்கள் வீட்டில் வாழ்ந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
குருநாதன்.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குப் பசை தேடும்போது மீரான் பாய் தோளில் ஒரு மூட்டைக் கொள்ளோடு வந்து நிற்கிறார். "அரியமுத்து அண்ணன் வூட்டு அக்கா கொளஞ்சியம்மா குடுத்தாங்க. அன்னைக்கு ரோட்டுல பாத்தீங்கல்ல, அவங்கதான்" என்கிறார். சம்பந்தம் பேசும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உங்கள் அக்கா முறுக்கிக்கொண்டிருந்தாராம். நிச்சயத்துக்கு வராமலிருக்க ஒரு சாக்கு வேண்டும் என்று அன்றைக்குப் பார்த்துக் கொள்ளுச் செடியைப் பரப்பினாராம். அந்தக் காலி நாற்காலி அவருக்காம். அக்கா வராமல் தட்டு மாற்றுவதில்லை என்று நீங்களும் முகம் வாடி உட்கார்ந்திருந்தீர்களாம். ஆக, நான் எட்டு மணிக்கே வந்திருந்தாலும் தட்டு மாறியிருக்காது. மேலே கேட்டிருக்கிற மன்னிப்பையெல்லாம் அடுத்து நான் செய்யப்போகிற தப்புக்கு வரவு வைத்துக்கொள்ளவும். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய்" என்று கேட்டேன். "சொல்லாதேன்னு அக்கா கண்ணக் காட்டுனாங்க. வாடிக்கை வூடு, மீற முடியுமா?" என்கிறார்.

உங்கள் அக்கா சொல்லியனுப்பியது இது: "பட்டுச்சேலையோட எறங்கிக் கொள்ளு பெரட்டுன அந்தம்மாவ நம்பிப் பொண்ணக் குடுக்கலாம். அடுத்த பொதங்கெழம தட்டெடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, நானும் வரேன். பஸ்ஸுல வர வேணாம், காருலயே வரட்டும். வரகு அறுத்துக் கெடக்குது."

எனவே காரை விற்கவில்லை. பெருமாளிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். மேலே 'சம்பந்தி'யை அடித்ததை அடிக்காததாக வைத்துப் படிக்கவும். உள்ளேயிருந்து இதையெல்லாம் கேட்ட தர்மன் பேச ஆரம்பித்துவிட்டான், அன்றைக்கும் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறானாம். முகூர்த்தத்தை மட்டும், வரகு அடித்து முடிகிற நேரமாகப் பார்த்து வைக்கவும்.