அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்

பட்டணத்தில் நடக்கும் கச்சேரி, நாடகம், கண்காட்சி என்று வந்துவிட்டால், அவற்றோடு சம்பந்தப்பட்ட மனிதர்களை நீங்கள் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருப்பீர்கள்: மேடைமேல் இருப்பவர்கள், மேடைக்கு எதிரே இருப்பவர்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அவர்களை நீங்கள் விட்டுவிட்டதில் ஆச்சரியமில்லை. அவர்கள் ஒருநாளும் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை யார் பாடுகிறார்கள், பக்கத்தில் பிடில் யார், கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், பெண்களுக்கு வழி எந்தப் பக்கம், மழை வந்தால் எந்த மண்டபத்துக்கு மாற்றுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். பாடப் போகிறவருக்கே இவ்வளவு தெரியாது. பாவம், அவருக்குப் பாட்டுத்தானே தெரியும்?

இந்த இனத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காரர் என்று பெயர் வைப்போம். பட்டணத்துக்குள்ளேயே இவர்கள் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். ஆனால் நன்றாக முற்றி விளைந்த ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி ஐம்பது மைல் தள்ளி வரவேண்டும். நினைத்தால் போய்விடலாம், போகாமலிருக்கவும் காரணம் கிடைக்கும் என்ற தூரம் அது. திருத்தணிக்கும் சென்னைக்கும் நடுவே இருக்கிற தூரமும் அதுதான்.

திருத்தணித் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பரந்தாமன் அவ்வாறு முற்றி விளைந்தவர். காலை வண்டியில் வரும் பத்திரிகை ஜம்புலிங்கத்தின் காப்பி ஹோட்டலுக்கு வந்து சேர்ந்ததும், பிரிக்கும் உரிமை அவருடையது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதா, இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்திருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த நாற்பத்தாறாம் வருஷக் கடைசி அது. அந்தச் சமாசாரம் அச்சான முதல் பக்கத்தை அவர் ஜம்புலிங்கத்திடம் தள்ளிவிடுவார். அவருக்கு வேண்டியது உள்பக்கத்து ஓரத்தில், பொடி எழுத்தில், பல்வலி மருந்துக்கும் காணாமற்போன பசுவுக்கும் நடுவே சிக்கிக் கிடக்கும் நிகழ்ச்சி அறிவிப்புகள். அவற்றைக் கத்தரித்து, ஆபீஸ் கோந்தைக் கொண்டு, கழித்துப்போட்ட பழைய ரிஜிஸ்தர் ஒன்றில் ஒட்டுவார். அப்படி எட்டு ரிஜிஸ்தர்கள் நிரம்பியிருந்தன. எல்லாவற்றின் மேலட்டையிலும் 'எதிர்வருவன' என்று எழுதியிருந்தது. 'பார்த்தவை' என்று ஓர் அட்டை எழுதவேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

ஏற்படாததற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்கை. முதல் நாள் போனால் பெரிய மனுஷர்கள் கூட்டம். கடைசி நாள் போனால் தள்ளுமுள்ளு. நடுவில் போனால் பாடுகிறவருக்கே சுரத்து இருக்காது. "அவசரப்பட்டு ஓடறவன் ரசிகன் இல்லே, ஜம்புலிங்கம்" என்பார். தொடங்கிவிட்ட நிகழ்ச்சி அவருக்கு ஆறிப்போன காப்பி. இன்னும் தொடங்காதது எதுவோ அதில்தான் ஆவி பறக்கும். இன்னொரு விஷயமும் உண்டு; அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ரிஜிஸ்தரைப் பிரித்துவைத்துக் கண்ணை மூடினால், முதல் வரிசை நாற்காலியில், வித்வானுக்கு நேர் எதிரே, சபைக்காரர் சந்தனம் நீட்ட, பரந்தாமன் உட்கார்ந்திருப்பார். நிஜமாகவே போனால் எங்கே உட்கார வைப்பார்கள்? தூணுக்குப் பின்னாலே. எட்டு ரிஜிஸ்தர் ஒட்டின மனிதன் தூணைப் பார்த்துவிட்டு வருவதற்கா போகவேண்டும்?

அவர் மனைவி கோமளவல்லிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதற்குள் நல்ல புடவையை எடுத்துக் கட்டி, வண்டி நேரத்துக்குப் பூ வைத்து, பிறகு பூவை எடுத்துச் சாமி படத்துக்குச் சாத்திவிட்டுப் புடவையை மடித்து வைத்தது எத்தனை முறை என்பதை அவள் எந்த ரிஜிஸ்தரிலும் ஒட்டவில்லை.

இப்படி யாருக்கும் பெரிய நஷ்டமில்லாமல் போய்க்கொண்டிருந்த இடத்தில் குப்பம்மாள் வந்து சேர்ந்தாள்.

குப்பம்மாள் கூலிக்காரி. ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு கொல்லையில் வாய்க்கால் வெட்டும்போது அவள் மண்வெட்டி ணங்கென்று எதன்மேலோ பட்டது. தோண்டிப் பார்த்தால் முழ உயரத்தில் செப்பு அம்மன். இடது தோளில் வெட்டு. சர்க்கார் சட்டப்படி அம்மன் கிராம முன்சீபு வீட்டுக்குப் போய், தாலுகா ஆபீசுக்கு வந்து, வைக்கோல் சுற்றிய பெட்டிக்குள் ஏறிச் சென்னை மியூசியத்துக்குப் போயிற்று. கூடவே போன கடிதத்தை எழுதியவர் பரந்தாமன். அன்றிலிருந்து அம்மனைத் தாமே பெற்றுக் கல்யாணம் பண்ணி அனுப்பிவிட்ட மாதிரி அவருக்கு ஒரு பெருமை. குப்பம்மாளுக்கு மிஞ்சியது வேறு. அன்றிலிருந்து அவளுக்கு இடது கை தோளுக்கு மேலே தூக்க வரவில்லை. கை தூக்க வராதவளைக் கூலிக்கு யார் கூப்பிடுவார்கள்? கீரை விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் பரந்தாமன் ஹோட்டலில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்: பூமியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் முப்பத்திரண்டு, மியூசியத்தில் விசேஷக் கண்காட்சி, ஜனவரி ஐந்தாம் தேதி ஞாயிறு வரை. அதன்பின் எல்லாம் கல்கத்தாவுக்கு. "நம்ம அம்மனும் இருக்கு" என்றார். கீரைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த குப்பம்மாள் நிமிர்ந்தாள்.

"இன்னாங்க ஐயா, சாமியச் செத்த காலேஜ்லயா வெச்சிருக்காங்க?"

மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும், மிருகங்கள் இருக்கிற இடத்துக்கு உயிர்க் காலேஜ் என்றும் சொல்வது ஊர்ப் பழக்கம். பரந்தாமனுக்கு அது பிடிக்காது. "மியூசியம்னு சொல்லு" என்றார்.

"எதுவா இருந்தா இன்னாங்க. கல்கத்தா எந்தாண்ட இருக்குது? அரக்கோணத்துக்கு அப்பாலயா?"

"அப்பாலதான். ரொம்ப அப்பால."

"அப்ப அதுக்கு முன்னால நான் ஒருக்கா பாத்துடணுங்க. எதிர நின்னு கன்னத்துல போட்டுகினு, தப்பு பண்ணிட்டேன் தாயேன்னு ஒரு வார்த்த சொல்லணும். சொன்னாதான் இந்தக் கை எறங்கும், ஏறும். எனுக்குப் பட்டணம் தெரியாது. எழுத்தும் தெரியாது. நீங்க இட்டுகினு போங்க ஐயா, உங்களுக்குத்தான் அங்க எல்லாம் தெரியும்ன்றாங்க."

பட்டணத்தைப் பற்றித் தம்மைவிடத் தெரிந்தவர் இல்லை என்று ஊரே நம்புவது எவ்வளவு ஆபத்து பாருங்கள். பரந்தாமன் மார்பு ஒரு விரற்கடை அகன்றது. "வர்ற ஞாயித்துக்கிழமை" என்றார்.

பதினைந்தாம் தேதி ஞாயிறு. திறந்த புதிது, கவர்னர் சிநேகிதர்களெல்லாம் வருவார்கள், நம்மை ஓரமாகத் தள்ளுவார்கள் என்றார். இருபத்திரண்டாம் தேதி. அதற்கு அடுத்த ஞாயிறு மாலை பெரிய வித்வானின் கச்சேரி இருக்கிறது; இரண்டையும் ஒரே பிரயாணத்தில் முடிப்பதுதானே புத்திசாலித்தனம் என்றார். இருபத்தொன்பதாம் தேதி வந்தது. மலையில் படித் திருவிழா நெருங்கிவிட்டது, ஊர் கொள்ளாத ஜனம் வரும், வண்டியில் கால் வைக்க இடமிருக்காது என்றார்.

ஜம்புலிங்கம் அடுப்பைக் கிளறிக்கொண்டே, "ஜனம் இங்க தானே சார் வருது? போற வண்டி காலியாத்தானே போவும்" என்றான்.

"திரும்பி வரணுமே."

"ஆங், அது ஒண்ணு இருக்குது" என்றான் ஜம்புலிங்கம், சிரிக்காமல்.

குப்பம்மாள் ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் ஒரு மஞ்சள் பைக்குள் குங்குமமும் இரண்டு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றாள். ஒவ்வொரு ஞாயிறும் பழம் கறுத்துப்போய்த் திரும்பிப் போயிற்று. மூன்றாம் முறை அவள் போன பிறகு கோமளவல்லி சொன்னாள்: "அந்தப் பொம்பள கைய பாத்தீங்களா? சீலத் தலைப்பக் கூட வலது கையாலதான் இழுத்துவிட்டுகினு நிக்கிறா. ஐஞ்சாந் தேதி போவலன்னா அவ யார்கிட்ட போய் கன்னத்துல போட்டுக்குவா? உங்க ரிஜிஸ்தர்கிட்டயா?"

"ஐஞ்சாந் தேதி நிச்சயம்" என்றார் பரந்தாமன். நிச்சயம் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் ரிஜிஸ்தரை எடுத்துப் பிரித்துக்கொண்டார். ரிஜிஸ்தருக்குள் அந்தக் கண்காட்சி எவ்வளவு அழகாக இருந்தது. நாலு பேர் விலகி வழிவிட, காவல்காரன் எழுந்து நிற்க, "இந்த அம்மனுக்கு நான்தான் கடிதாசி எழுதினேன்" என்று அவர் சொல்ல, அதிகாரி கைகுலுக்கினார். நேரில் போனால் காவல்காரன் குடையை வெளியே வைக்கச் சொல்வான். அவ்வளவுதான் நடக்கும் என்பது அவருக்கு உள்ளூரத் தெரியும். இருந்தும் ஐந்தாம் தேதி காலை, ரிஜிஸ்தரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். கோமளவல்லி நல்ல புடவையில், புளிச்சோற்றுப் பொட்டலமும் மூன்று டிக்கெட்டுமாக நின்றாள். குப்பம்மாள் மஞ்சள் பையோடு நின்றாள்.

விதி எதிர் வண்டியில் வந்தது. சென்னையிலிருந்து வந்த வண்டி பத்திரிகைக் கட்டைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் போட்டுவிட்டுப் போயிற்று. அன்றைய பத்திரிகையைப் பார்க்காமல் பட்டணத்துக்குப் போவது எப்படி? பரந்தாமன் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பிரித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் பரவுவதைப் பார்த்த கோமளவல்லிக்குக் கதை முடிந்தது தெரிந்துவிட்டது.

"கோமளா, இதப் பாரேன். வர்ற பன்னெண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை, அதே மியூசியம். ராஜாக்கள் காலத்து வாள், கேடயம், பீரங்கி. அன்னிக்குச் சாயங்காலமே பார்க்கில பொருட்காட்சி, நாட்டியம். ஒரு வாரம் பொறுத்தா மூணையும்..."

குப்பம்மாள் கேட்டாள்: "அம்மன் அது வரிக்கும் இருக்குங்களா ஐயா?"

பரந்தாமன் நேர்மையானவர். யோசித்துத்தான் பதில் சொன்னார். "அம்மன் இருக்காது. ஆனா வாள் இருக்கும்."

சென்னை போகிற வண்டி வந்து நின்றது. கொத்தவால்சாவடிக்கு வாழையிலைக் கட்டு கொண்டுபோகிற பெண்கள் முட்டி மோதிக்கொண்டு ஏறினார்கள். கோமளவல்லி குப்பம்மாளின் வலது கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். பிறகு தானும் ஏறினாள்.

"நீங்க படிச்சி முடிச்சிட்டு வாங்க" என்றாள் ஜன்னல் வழியாக.

"வழி தெரியாதுடி உனக்கு. சென்ட்ரல்ல எறங்கினதும் தெற்கு வாசலா வந்து..." வண்டி நகர்ந்தது. அவர் ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டே கூட ஓடினார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில்தான், தாம் வாசித்துக்கொண்டிருந்த வழி முந்தின வருஷத்து நாடகக் கொட்டகைக்குப் போகிற வழி என்று கண்டுகொண்டார்.

அன்று பகல் முழுவதும் அவர் ஹோட்டலில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஜம்புலிங்கத்துக்குக் கண்காட்சியை நடத்திக் காட்டினார். இப்போது பேசின் பிரிட்ஜ்; இப்போது வாசல்; இப்போது முதல் மண்டபம், வடக்குச் சுவரோரம் நடராஜர். அவ்வளவு துல்லியமாக நேரில் பார்த்தவன்கூடச் சொல்ல முடியாது.

"நீங்க போவலியா சார்?" என்று மட்டும் கேட்டான் ஜம்புலிங்கம்.

"நான் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

பொழுது சாய்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஜம்புலிங்கம் கொடுத்த காப்பியை ஊதிக்கொண்டு கோமளவல்லி சொன்னாள். வழி கேட்டது வாழையிலைக்காரிகளிடம். உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன். குப்பம்மாள் எதிரே நின்று படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதுவரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிலையை எடைபோட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய மனுஷர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். அவர் பெண்சாதி போட்டுக்கொண்டாள். பின்னால் வந்த பத்துப் பேரும் எதற்கென்றே தெரியாமல் போட்டுக்கொண்டார்கள். காவல்காரன் ஓடி வந்து, சூடம் ஏற்றக்கூடாது, பழம் வைக்கக்கூடாது என்றானாம். கன்னத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லையாம். தானும் ஒரு தடவை போட்டுக்கொண்டு போனானாம்.

"கை எப்படி இருக்கு?" என்று ஜம்புலிங்கம் குப்பம்மாளைக் கேட்டான்.

"வலிக்குதுப்பா. வண்டியில நின்னுகினே வந்தேனே" என்று சொல்லிக்கொண்டே அவள் இடது கையை உயர்த்தி, ஹோட்டலில் விட்டிருந்த கீரைக்கூடைக்காகத் தலைமேல் சும்மாட்டைச் சரியாக வைத்துக்கொண்டாள். வைத்ததை அவள் கவனிக்கவில்லை. ஜம்புலிங்கம் கவனித்தான்.

பரந்தாமன் கவனித்தது வேறு. "முப்பத்திரண்டு சிலைன்னு போட்டிருந்தானே, எண்ணினீங்களா?"

"ஒண்ணுதான் பாத்தோம்" என்றாள் கோமளவல்லி.

"ஒண்ணா? ஒண்ணு பாக்கறதுக்கா அம்பது மைல்?" அவருக்கு உண்மையாகவே பரிதாபமாக இருந்தது. ரசனையில்லாத ஜன்மங்கள். ரிஜிஸ்தரைத் திறந்து அன்றைய கத்தரிப்பை நீவிவிட்டுக்கொண்டே, "போனாப் போறது, அடுத்த ஞாயித்துக்கிழமை நானே இட்டுகினு..." என்று ஆரம்பித்தார்.

"வேணாங்க. பன்னெண்டாந் தேதி நானும் குப்பம்மாவும் போறதா வண்டியிலயே பேசிகினோம். வாள் எப்படி இருந்துதுன்னு வந்து சொல்றேன், நீங்க ஒட்டிக்குங்க."

இதைக் கேட்டு அவர் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்துக்கு அந்த உறுப்பு கிடையாது. மறுநாள் காலையே ஹோட்டலில், "எங்க வீட்டிலே நேரா போய்ப் பாத்துட்டு வந்தாங்க, நான் சொன்னபடியே இருந்துதாம்" என்று ஆரம்பித்துவிட்டார். கோமளவல்லி அந்த வருஷம் சென்னைக்கு ஏழு தடவை போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஊரில் அவர் மதிப்பு ஒரு படி ஏறியது.

நீங்கள் இப்படிப்பட்டவரல்ல. எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு படித்தீர்கள், குப்பம்மாளுக்காகக் கொஞ்சம் கோபப்படவும் செய்தீர்கள். இப்போது புத்தகத்தை மடக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "திருத்தணி இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது? ஒரு தடவை போய் மலையேறிவிட்டு வரணும்" என்று சொல்லப் போகிறீர்கள்.

எந்த ஞாயிற்றுக்கிழமை?