டைரக்டர் வேடம்

அக்காவிடம் போனில் மனம்விட்டுப் பேசிவிட்டு நிமிர்ந்தபோதுதான், மைக்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிவதை அந்த விரிவுரையாளர் பார்த்தாள். மைக் திறந்தே இருந்திருக்கிறது.

பல்கலைக்கழக ஊடகத் துறையின் வானொலி அறை அது. அவள் அங்கே ஒலிபரப்புப் பாடம் எடுப்பவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குத் துறையின் டைரக்டர் இந்த வாரம்தான் கையெழுத்துப் போடவேண்டும். அவள் அக்காவிடம் சொன்னதோ இது:

"டைரக்டர் பேச ஆரம்பிச்சா முன்வரிசை தூங்கும்க்கா, பின்வரிசை குறட்டை விடும். நடுவுல மாட்டினவங்க சாபம் விடுவாங்க."

வளாகம் முழுக்க, கேன்டீன் உட்பட, இந்த வானொலிதான் ஓடும்.

அடுத்த அறிவிப்பு நேரத்தில் அவளே மைக்கைப் பிடித்தாள். சற்றுமுன் ஒலித்தது மாணவர் நாடகத்தில் ஒரு காட்சி என்று கூசாமல் அறிவித்தாள்.

உடனே போன் மேல் போன். நாடகத்தைத் தவறவிட்டோம், மறுபடி போடுங்கள் என்றார்கள். நக்கலடிக்கிறார்கள் என்று நினைத்து, முழு நாடகமும் மாலையில் வரும் என்று சமாளித்தாள்.

இப்போது நாடகம் வேண்டுமே. சாப்பாட்டை மறந்து எழுதினாள். அதில் டைரக்டர் மேதை. அவரைக் குறைசொல்லும் ஆசிரியை மூளை கெட்டவள். ஆனால் டைரக்டராக நடிக்க ஒரு மாணவனும் முன்வரவில்லை. அவனவனுக்கு மதிப்பெண் பயம்.

மாலையில் கதவு திறந்தது. டைரக்டரே நின்றார்.

"அந்த வேஷத்தை நானே பண்றேன்மா. வசனம் வேண்டாம், என்கிட்ட நிறைய இருக்கு."

பேசினார். நாடக நேரம் முடிந்து, பாட்டு நிகழ்ச்சியை விழுங்கி, செய்தியையும் விழுங்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவள் மட்டும் இமைக்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கழுத்து சுளுக்கிக்கொண்டது.

எழுந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "குறட்டை ஒண்ணும் கேக்கலையேம்மா. கையெழுத்து விஷயமா நாளைக்கு வாங்க, விரிவாப் பேசுவோம்."

அவர் போனதும் அவள் ஒலிப்பதிவுக்காரரிடம், காலையில் தான் பேசியதை ஊரே கேட்டிருக்குமே என்று புலம்பினாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அது வெளியவே போகலை மேடம், பதிவுதான் ஆச்சு. உங்க அறிவிப்பைக் கேட்டுட்டு, 'என்ன நாடகம் அது, நான் விட்டுட்டேனே'ன்னு டைரக்டர் வந்து கேட்டாரு. அவருக்கு மட்டும்தான் போட்டேன்."