முதுகிலும் பூத்த போர்வை

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. முன்னும் பின்னும் அழகாக்கப் போய் ஒரு போர்வை பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மகளுக்குக் குளிர் ஊரில் வேலை கிடைத்தது. போர்வை முடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. அவளுடைய பழைய துணிகளையே வெட்டி அம்மா தைத்தாள்: ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது போட்டிருந்த மஞ்சள் கவுன், அழுதுகொண்டே முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நீலப் பாவாடை. மிஞ்சிய துண்டுகளை மகளுடைய புதுப் பெட்டிக்குள் போட்டு வைத்தாள்.

மகள் போர்வையைப் புரட்டினாள். "என்னம்மா, பின்னாடி மொட்டையா இருக்கு?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பின்பக்கம் முழுக்கச் சிவப்பு நூலில் பூ போட்டாள். பூ பின்னால் பூத்தது. முடிச்செல்லாம் முன்னால் வந்து நின்றது.

"இப்ப முன்பக்கம் அம்மை போட்ட மாதிரி இருக்கும்மா."

முடிச்சுகளை மறைக்கத் துணி வேண்டுமே! பஸ் கண்டக்டரான அப்பாவின் சட்டைகள் கொடியில் தொங்கின.

"ஏண்டி, சட்டையில பையைக் காணோம்! சில்லறையைத் தலையிலயா வெச்சுக்கறது?"

"பை எங்கயும் போகல. போர்வையில பத்திரமா இருக்கு."

பையைத் தைத்த தையல் பின்பக்கம் ஊடுருவி, பூவுக்கெல்லாம் வேலி போட்டது. மகள் மறுபடியும் உதட்டைப் பிதுக்கினாள். வேலியை மறைக்க ஜன்னல் திரை போனது. போர்வை கனத்துக்கொண்டே வந்தது.

"இது போர்வையா, கதவா? தாழ்ப்பாளும் வெச்சுடு," என்றார் அப்பா.

வேலையில் சேரும் நாளை மகள் இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தாள். இன்னொரு தடவை தள்ளினால் வேலையே போய்விடும். அன்று அம்மா கடைசித் தையல் போட்டதும் மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஓரம் கொஞ்சம் கோணலா இல்ல?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் என்ன செஞ்சாலும் இவளுக்குப் பிடிக்கலியே!"

அப்பா பையில்லாத சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஊருக்குக் கிளம்பறவ பெட்டி நிறைய உன் துண்டுத்துணி கிடக்கே. அதைக் காலி பண்ணுன்னு ஒரு தடவையாவது கேட்டாளா?"

அம்மாவின் கையில் ஊசி அப்படியே நின்றது. பிறகு எழுந்து, பெட்டியைக் கவிழ்த்துத் துணியெல்லாம் கொட்டினாள்.

"அடியே! கோணல் அப்படியே இருக்கட்டும். லீவுக்கு வா, பிரிச்சுத் தைப்போம்!"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து மகள் கேட்டாள்:

"...பின்பக்கத்தையும் சேர்த்தாம்மா?"

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்கே போனாலும் திரும்பி வர ஒரு கோணல் பாக்கி இருக்கட்டும். வீடு நிறைய வாழுங்கள்.