சான்ஸ் சாரும் ஓர் ஊஞ்சலும்

பெங்களூரிலேயே நல்ல செய்தி சொன்னால் முகம் சுளிக்கும் ஒரே மனிதர் எங்கள் சான்ஸ் சார்தான். லிங்கராஜபுரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி எங்களுடையது. ஆராய்ச்சிக் கணக்கு பார்க்க ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். யார் எதைச் சொன்னாலும் "சான்ஸா இருக்கலாம் மேன்" என்பார், தற்செயலாக நடந்ததாக இருக்கலாம் என்ற அர்த்தத்தில்.

கல்யாணம் நிச்சயமானதற்கு லட்டு கொடுத்த அக்கவுண்டன்டிடமும் அதையேதான் சொன்னார். லட்டு ருசியை மட்டும் இரண்டாவது லட்டு தின்று உறுதி செய்துகொண்டார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது ஊஞ்சலால். பாடத்துக்கு முன் ஊஞ்சல் ஆடிய நாட்களில் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வது குறைகிறது என்று கண்டுபிடித்தது அங்கே பாடம் எடுக்கும் நான். தினமும் எண்ணி, கணக்குப் போட்டு, பெருமையாக அவரிடம் நீட்டினேன்.

"நாலே பிள்ளைங்க. நூறு பேர்னு போட்டிருக்க?"

"நாலு பேரையும் இருபத்தஞ்சு நாள் எண்ணினேன் சார். எல்லாம் சேர்ந்தா நூறு."

"ஒரே இட்லிய பத்து வாட்டி கடிச்சா பத்து இட்லி தின்னதா அர்த்தமா மேன்? நேத்து அமைதியா இருந்த பையன் இன்னிக்கும் அப்படித்தான் இருப்பான். அது புதுசா ஒரு சாட்சி இல்ல."

அவர் திருத்திப் போட்ட கணக்கில், ஊஞ்சலால்தான் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. பிரின்சிபால் மேடம் உடனே, "அப்போ பிரயோஜனம் இல்ல. கழட்டிடுங்க, அங்க பீரோ வைக்கலாம்" என்றார்.

நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் சான்ஸ் சார் கத்திவிட்டார்.

"கரண்ட் போன ரூம்ல பூனை கண்ணுல படலைன்னா, பூனையே இல்லைன்னு ஆயிடுமா மேடம்? நாலு பேரு போதாது. இன்னும் பிள்ளைங்கள சேர்த்துப் பாருங்க. அதுவரைக்கும் ஊஞ்சல்ல கை வைக்காதீங்க!"

"நீங்கதானே சார் வேலை செய்யலைன்னீங்க?" என்றார் மேடம்.

"செய்யுதுன்னு சொல்ல முடியாதுன்னேன். செய்யலைன்னு எப்போ சொன்னேன்?"

பீரோ வராந்தாவுக்குப் போனது. அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபின் பார்த்தால், ஊஞ்சலில் அவர்.

"என்ன சார் இது?"

"கோவம் குறையுதான்னு பாக்கறேன். நீ ஏறு மேன், உனக்குத்தான் ரொம்பத் தேவை."

ஏறினேன். குறையவில்லை.

தொம்மலூரில் இதே மாதிரிப் பள்ளி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து மறுபடி சோதித்தோம். ஊஞ்சல் ஜெயித்தது. "இது சான்ஸ் இல்ல போல இருக்கு" என்றார், முகம் சுளித்துக்கொண்டே.

ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார். ஊஞ்சல் அங்கேயே இருக்கிறது. அவர் இல்லாமல் பள்ளி நன்றாகவே இல்லை. சொல்வது நான் ஒருவன்தான். ஓர் ஆள் பேச்சு கணக்கில் வராது என்பார். வராவிட்டால் போகட்டும்.